மூன்றாண்டுக் கணுக்கால் புண் ஆறிய 126 நாள்கள்: ஓர் ஆயுர்வேத நிகழ்வு ஆய்வு

1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் கஷாயம், அரிஷ்டம், தைலம் என்பவை இன்றும் வீட்டுச் சொற்களாகவே புழங்குகின்றன. ஆனாலும் காலில் ஆறாத புண் உள்ளவர் எங்கள் வைத்தியசாலைக்கு முதலிலேயே வருவது அரிது. மருந்துக்கடைக் களிம்பும் மாத்திரையும் பார்த்து, அரசு மருத்துவமனையில் சில மாதங்கள் கட்டு மாற்றி, அக்கம்பக்கத்தார் சொன்ன பச்சிலைகளையும் அரைத்துப் போட்ட பிறகே வருகிறார்கள். இங்கே விவரிக்கும் நோயாளியும் அவ்வாறு வந்தவர்தான். அவருடைய புண் ஆறியது என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. முதல் ஐந்து வாரங்கள் நான் செய்த சிகிச்சை புண்ணை நன்கு சுத்தம் செய்தும் அதன் அளவைக் குறைக்கவில்லை. அது ஏன் என்று விளங்கிக்கொண்டதே இந்த நிகழ்வில் நான் கற்றது. நோயாளியின் ஒப்புதல் பெற்றே எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நோயாளியும் புண்ணும்

நோயாளி 54 வயது ஆண். உணவகம் ஒன்றில் 22 ஆண்டுகளாகப் பரோட்டா மாஸ்டர். மாலை நான்கு மணிக்குக் கல்லின் முன் நின்றால் நள்ளிரவு வரை நிற்பார். காலையிலும் மாவு பிசைந்து உருட்டும் வேலை உண்டு. இடது காலில் பத்து ஆண்டுகளுக்கு மேலாகவே 'நரம்பு சுருட்டல்' இருந்திருக்கிறது. ஊரில் நரம்பு என்று சொன்னாலும் சுருண்டு புடைப்பவை சிரைகள், அதாவது அசுத்த ரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் குழாய்கள். மூன்று ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் முன்பு, உள் கணுக்காலுக்குச் சற்று மேலே கொசுக்கடியைச் சொறிந்த இடம் புண்ணாகி, பிறகு மூடவே இல்லை.

முதல் நாள் கட்டைப் பிரித்தபோது அறை முழுவதும் நாற்றம் பரவியது. நீளம் 6.2 சென்டிமீட்டர், அகலம் 4.1 சென்டிமீட்டர், ஆழம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். புண்ணின் அடிப்பகுதியில் முக்கால் பங்கை மஞ்சளும் சாம்பலும் கலந்த அழுகல் படலம் மூடியிருந்தது. விளிம்பு சரிவாக இருந்தாலும் மேற்புறத்தில் ஓரிடம் மட்டும் தடித்து எழும்பி நின்றது. சுற்றியுள்ள தோல் கருத்து, பலகைபோல் இறுகி, கெண்டைக்காலுக்குக் கீழே கால் தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில்போல் ஒடுங்கியிருந்தது. நீர் வடிவது அதிகம். ஒரு நாளைக்கு மூன்று முறை துணி மாற்ற வேண்டியிருந்தது. வலி மாலையில் கூடும், கால் நீட்டிப் படுத்தால் குறையும். பாதத்தின் மேல் நாடித் துடிப்பு விரலுக்குத் தெளிவாகக் கிடைத்தது.

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் சூத்திரஸ்தானம் என்னும் முதற்பகுதியின் 22 ஆம் அத்தியாயம் துஷ்ட விரணத்துக்கு, அதாவது கெட்டுப்போன புண்ணுக்குச் சொல்லும் அடையாளங்களில் பல இந்த ஒரே காலில் இருந்தன: அழுகிய சதை, துர்நாற்றம், சீழ், கடினம், நிறமாற்றம், நெடுநாள் தொடர்தல். புண் அமையும் இடங்களாக அந்நூல் கூறும் தோல், மாமிசம், சிரை, ஸ்நாயு (தசைநார்), எலும்பு, மூட்டு, கோஷ்டம் (உள்ளுறுப்புகள்), மர்மம் (உயிர்நிலை) என்னும் எட்டில், இங்கே தோலும் மாமிசமும் கெட்டிருந்தாலும் மூலம் சிரையில்தான் என்று முதல் நாள் குறிப்பிலேயே எழுதிவைத்தேன். எழுதிவைத்ததற்கேற்ப முதல் நாளிலேயே நடந்துகொள்ளவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இத்தகைய புண்ணில் மருந்தைத் தொடுவதற்கு முன் விலக்க வேண்டியவை சில உண்டு. குஷ்டம், விஷம், உடல் மெலிவு, மதுமேகம் ஆகியவை உள்ளவர்களுக்குப் புண் கடினமாகவே ஆறும் என்று சுசுருதர் எச்சரிக்கிறார். இவருக்குச் சர்க்கரை இல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 5.6 ஆக இருந்தது. பாத உணர்ச்சி இயல்பு. சிறுநீரக, கல்லீரல் பரிசோதனைகளில் குறையில்லை. ஹீமோகுளோபின் மட்டும் 9.8 கிராம். தடித்து நின்ற விளிம்பை நான் அலட்சியம் செய்ய விரும்பவில்லை. பல ஆண்டுகள் ஆறாமல் கிடக்கும் புண்ணில் புற்று தோன்றுவது உண்டு. அதை வெறும் புண் என்று எண்ணித் தைலம் ஊற்றிக்கொண்டிருப்பதைவிடப் பெரிய தவறு வைத்தியத்தில் குறைவு. அறுவை மருத்துவரிடம் அனுப்பி அந்த விளிம்பிலிருந்து திசுப் பரிசோதனை செய்வித்தேன். புற்று இல்லை என்று முடிவு வந்தது.

முதல் ஐந்து வாரங்கள்

விரண சிகிச்சைக்குச் சுசுருதர் 60 உபக்கிரமங்களை, அதாவது சிகிச்சை முறைகளைச் சொல்கிறார். எல்லாவற்றையும் ஒருவருக்கே செய்வதில்லை; புண்ணின் நிலைக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் சோதனம், அதாவது சுத்திகரித்தல். பிறகு ரோபணம், அதாவது ஆற்றுதல். இந்த வரிசையை மாற்றி, அழுக்கின்மேலேயே ஆற்றும் மருந்தைப் போடுவது உள்ளே சீழை வைத்து மூடுவதற்கு ஒப்பாகும்.

தினமும் பஞ்சவல்கல கஷாயத்தால் கழுவினோம். ஆல், அரசு, அத்தி, இத்தி என்னும் நான்கும் சேர்ந்த நால்பாமரத்தோடு பூவரசம் பட்டையையும் சேர்த்தால் பஞ்சவல்கலம். இடித்த பட்டை 60 கிராமை ஒரு லிட்டர் நீரில் இட்டுக் கால் பாகமாக வற்றவைத்து, வடிகட்டி, மறுபடி கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் பயன்படுத்த வேண்டும். இந்தக் கஷாயத்தின் துவர்ப்பு நீர்வடிதலைக் குறைப்பதை ஒரு வாரத்திலேயே காண முடியும். நேற்றுக் காய்ச்சியதை இன்று பயன்படுத்தக் கூடாது. பட்டைக் கஷாயம் நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் கெட்டுப்போகும்.

கழுவிய பிறகு முதல் 18 நாள்களுக்கு வேப்பிலையும் எள்ளும் அரைத்த கற்கத்தை (விழுதை) தேனில் குழைத்து வைத்தோம். வேப்பிலையும் எள்ளும் தேனோடு சேர்ந்தால் சோதனம், அவற்றுடன் நெய்யும் சேர்ந்தால் ரோபணம் என்பது சுசுருதர் தரும் எளிய யோகம் (மருந்துக் கூட்டு). ஒரே அம்மியில் அரைத்த ஒரே கற்கம் ஒரு கரண்டி நெய்யால் தன் வேலையை மாற்றிக்கொள்வதை எத்தனை முறை கண்டாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. எனினும் பச்சைப் பொருளை அரைத்துத் திறந்த புண்ணில் வைப்பது வீட்டில் செய்துபார்க்கும் காரியம் ஆகாது. இலையைக் கொதிநீரில் கழுவி, அரைக்கும் பாத்திரத்தையும் காஸ் துணியையும் நீராவியில் சுத்தம் செய்து, அன்றைய கற்கத்தை அன்றே முடித்துவிடும் ஒழுங்கு இருந்தால்தான் நாங்களே அதைச் செய்கிறோம்.

உள்ளுக்குக் கைசோர குக்குலு மாத்திரை காலை மாலை இரண்டு, மஞ்சிஷ்டாதி கஷாயம் 15 மில்லியை மூன்று பங்கு வெந்நீரில் கலந்து உணவுக்கு முன், வாரம் ஒருமுறை அவிபத்தி சூரணத்தால் லேசான பேதி. பாதரசமோ உலோகமோ சேர்ந்த ரச மருந்து எதையும் கொடுக்கவில்லை. இந்தப் புண்ணுக்கு அவை தேவை என்று நான் கருதவில்லை. ரத்தக் குறைவுக்கு அரசு மருத்துவமனையில் தந்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடச் சொன்னேன். உணவில் உளுந்து, தயிர், கருவாடு, புளிப்பு, புது அரிசி ஆகியவற்றை விலக்கினோம். பகல் தூக்கத்தையும் சுசுருதர் விலக்குகிறார். அது அரிப்பு, வீக்கம், வலி, நீர்வடிதல் ஆகியவற்றைக் கூட்டும் என்பது அவர் கூற்று. நள்ளிரவு கடந்து படுப்பவரிடம் பகலில் தூங்காதீர்கள் என்று சொல்வது நடக்காத காரியம் என்பதால் அந்த விதியை நான் வற்புறுத்தவில்லை.

18 ஆம் நாள் அழுகல் படலம் பெரும்பாலும் நீங்கி, நாற்றம் நின்று, செந்நிறச் சதை தெரிந்தது. சுத்தமான புண்ணுக்கு நாக்கின் அடிப்புற நிறம் இருக்கும் என்று மூலநூல் சொல்வதைப் படித்தவர்கள் பலர். கண்ணாடியில் தன் நாக்கை உயர்த்திப் பார்த்துவிட்டு உடனே புண்ணையும் பார்த்தவர்கள் சிலரே. நாங்கள் நோயாளியையே அவ்வாறு பார்க்கச் சொன்னோம். இரண்டும் ஒரே நிறம், ஈரம் மினுங்கும் இளஞ்சிவப்பு.

அதன் பிறகு ஜாத்யாதி தைலத்துக்கு மாறினோம். பிச்சி இலை, வேம்பு, புங்கு, அதிமதுரம், மஞ்சள், மஞ்சிஷ்டா, தேன்மெழுகு, மயில்துத்தம் முதலியவை சேர்ந்த இந்தத் தைலம் புண் மருந்துகளில் எங்கும் பழக்கமானது. நான்காம் வாரத்தில் புண்ணைச் சுற்றிய தோல் சிவந்து அரிக்கத் தொடங்கியது. சிரைப் புண் உள்ளவர்களின் தோல் பல ஆண்டுகள் பலவிதக் களிம்புகளைக் கண்டது. எது பட்டாலும் ஒவ்வாமை வருவது அவர்களிடம் மிகுதி. தைலத்தைப் புண்ணுக்குள் மட்டும் நிறுத்தி, சுற்றியுள்ள தோலுக்குச் சததௌத கிருதம் தடவினோம். செம்புப் பாத்திரத்தில் நெய்யை நீர்விட்டுப் பிசைந்து, நீரை வடித்து, மறுபடி நீர்விட்டு, இப்படி நூறு முறை கழுவியது அது. நெய்யின் மணமும் மஞ்சள் நிறமும் போய், வெண்ணெயைவிட வெண்மையாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். ஐந்து நாளில் சிவப்பு அடங்கியது.

35 ஆம் நாள் அளந்தபோது 6.0 × 4.0 சென்டிமீட்டர். ஐந்து வாரத்தில் இரண்டு மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்பது அளவெடுப்பதில் வரும் பிசகாகக்கூட இருக்கலாம். நோயாளி குறை சொல்லவில்லை. "நாத்தம் போச்சு, வலியும் கொறஞ்சாச்சு டாக்டர், புண்ணு மட்டும் நெனச்சது மாதிரி சுருங்கல்ல" என்றார், அவ்வளவுதான்.

நின்ற கால்

37 ஆம் நாள் மாலை அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். கல்லுக்கும் மாவு மேசைக்கும் நடுவே இரண்டடி அகலம். அதற்குள்ளேயே திரும்புவதும் தட்டுவதும் வீசுவதுமாக நான்கு மணி நேரம் அவர் எங்கும் நடக்கவில்லை. உடல் முழுவதும் இயங்குகிறது, கெண்டைக்கால் மட்டும் இயங்கவில்லை. இரவு எட்டு மணிக்குப் பார்த்தபோது, காலையில் நான் காலில் கட்டிய துணி முழுக்க நனைந்து, அதன் விளிம்பு தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது.

அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரைகளில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடக்கும்போது கெண்டைத் தசை பிழிந்து ரத்தத்தை மேலேற்றுவதால் அது 30-க்கும் கீழே இறங்கும். ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் சிரை வால்வு கெட்ட காலில் நடந்தாலும் அவ்வளவு இறங்காது. நின்றுகொண்டே இருப்பவருக்கு இறங்க வழியே இல்லை. அந்த அழுத்தத்தில் நீரும் புரதமும் ரத்த அணுக்களும் நுண்குழாயிலிருந்து கசிந்து தோலைக் கறுப்பாக்கி இறுக்குகின்றன. காலையில் நான் கழுவிச் சுத்தம் செய்த புண்ணை மாலையில் அவருடைய சொந்த ரத்தமே உள்ளிருந்து நனைத்துக்கொண்டிருந்தது. மூலம் சிரையில் என்று எழுதிய நான், சிரைக்கு எதுவும் செய்யாமல் ஐந்து வாரம் தோலுக்கு மட்டும் மருந்து போட்டிருக்கிறேன்.

மறுநாள் அறுவை மருத்துவரிடம், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் பரிசோதனை பார்த்தோம். தொடைவரை செல்லும் பெரிய மேற்சிரையில் ரத்தம் பின்னோக்கி வழிந்தது, ஆழ்சிரைகளில் அடைப்பில்லை. கணுக்காலுக்கும் கைக்கும் உள்ள ரத்த அழுத்த விகிதம் 1.05. இந்த அளவீடு இல்லாமல் யாருக்கும் காலை இறுக்கிக் கட்டக் கூடாது. தமனி அடைத்த காலில் இறுக்கமான கட்டுப் போட்டால் விரல்கள் கறுத்து, காலையே இழக்க நேரிடும். இவருக்கு அந்த அபாயம் இல்லை என்று தெரிந்த பிறகு, கஷாயமும் தைலமும் முன்போலவே தொடர, அவற்றின் மேல் பஞ்சுப் பட்டை சுற்றி, விரலடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூடும்படி, கணுக்காலில் மிகுதியாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தம் விழும்படி கட்டினோம். கணுக்காலில் 40 மில்லிமீட்டர் அளவு அழுத்தம் இலக்கு.

கட்டு நமக்கு அந்நியமானதன்று. சூத்திரஸ்தானம் 18 ஆம் அத்தியாயம் 14 வகைக் கட்டுகளையும், காடம் (இறுக்கம்), சமம் (நடுத்தரம்), சிதிலம் (தளர்வு) என்று இறுக்கத்தின் மூன்று படிகளையும் சொல்கிறது. கை கால்களுக்கு உரிய அனுவேல்லிதம் இன்றைய சுருள் கட்டைப் போன்றதே. ஆயினும் கைகால்களுக்கு நடுத்தர இறுக்கமே அங்கே விதிக்கப்பட்டுள்ளது. சிரை அழுத்தத்தை எதிர்த்து அளந்து கட்டும் இன்றைய கருத்து அந்நூலில் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தைப் படித்த கவனத்தோடு கட்டை நாம் படிப்பதில்லை என்பதே என் வருத்தம்.

வேலையை விடச் சொல்ல முடியாது. "நிக்காம இந்த ஜோலி நடக்காது டாக்டர்" என்றார், அது உண்மை. உணவக உரிமையாளரிடம் பேசி, அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை 20 தடவை உயர்த்தி இறக்கவும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் பின்னறையில் காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துப் படுக்கவும் ஏற்பாடு செய்தோம்.

56 ஆம் நாள் 4.7 × 3.1. கட்டுத் தொடங்கி 18 நாள்தான் ஆகியிருந்தது.

அட்டை விடுதல்

இறுகிய தோலில் ரத்தம் குடிக்க அட்டைப்பூச்சி விடலாம் என்ற எண்ணம் எனக்கு முதலிலிருந்தே இருந்தது. ஹீமோகுளோபின் 9.8 உள்ளவரிடம் ரத்தம் எடுப்பது முறையன்று என்று காத்திருந்தேன். எட்டாம் வாரத்தில் அது 11.4 ஆனது. 57, 64, 71 ஆம் நாள்களில் ஒவ்வொரு முறையும் நான்கு அட்டைகளைப் புண்ணிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி, கருத்த தோலில் விட்டோம்.

சுசுருதர் அட்டைகளை விஷமுள்ளவை ஆறு, விஷமற்றவை ஆறு என்று பிரித்து, அவற்றைப் பேணும் முறையையும் சொல்கிறார். மஞ்சள் நீரில் இட்டுப் பின் நல்ல நீரில் விட்டால் அட்டை சுறுசுறுப்படையும். அது குதிரைக் குளம்புபோல் வாயை அமைத்துத் தோளை உயர்த்தினால் குடிக்கத் தொடங்கிவிட்டது என்று அறிந்து, ஈரத்துணியால் மூட வேண்டும். கடித்த இடத்தில் குத்தலும் அரிப்பும் வந்தால் நல்ல ரத்தத்தைக் குடிக்கிறது, எடுத்துவிட வேண்டும். விடாவிட்டால் வாயில் இந்துப்புத் தூவ வேண்டும். இத்தனை நுணுக்கமாகப் பார்த்தவர்களின் கண்ணை எண்ணிப் பெருமைப்படாமல் இருக்க முடிவதில்லை. அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் வாழ்வதால் தொற்று வரலாம். அறுவை மருத்துவர் எழுதித் தந்த நுண்ணுயிர்க்கொல்லியை நோயாளி எடுத்துக்கொண்டார். ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு விடுவதில்லை.

முதல் முறை தவறு நேர்ந்தது. ரத்தம் தானாக வடியட்டும் என்று இறுக்கக் கட்டை அன்று முழுவதும் அவிழ்த்தே வைத்தேன். அட்டையின் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் உறைவதைத் தடுக்க, சிரை அழுத்தமும் சேர, இரவு பதினொன்றுக்கு அவர் மனைவி தொலைபேசியில் அழைத்து, "ரத்தம் நிக்கவே இல்ல டாக்டர், மூணு துணி மாத்தியாச்சு" என்றார். போய்ப் பார்த்து, மஞ்சள்தூளும் காஸும் வைத்து அழுத்திக் கட்டிய பிறகு நின்றது. அடுத்த இரு முறையும் நான்கு மணி நேரத்தில் கட்டை மீண்டும் போட்டுவிட்டோம், தொல்லை இல்லை.

77 ஆம் நாள் 3.4 × 2.1, 98 ஆம் நாள் 2.0 × 1.1. விளிம்பில், ஆறிவரும் புண்ணுக்கு நூல் சொல்லும் புறாவின் நிறத்தில், சாம்பல் கலந்த மெல்லிய புதுத் தோல் ஓடிவந்தது. 126 ஆம் நாள் புண் முழுவதும் மூடியது.

எது ஆற்றியது

ஒரு நோயாளியைக் கொண்டு இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆயினும் அளவுகளைத் தேதியோடு வைத்துப் பார்த்தால் சில செய்திகள் தெளிவாகின்றன. கழுவலும் கற்கமும் 18 நாளில் புண்ணைச் சுத்தம் செய்தன. முந்தைய மூன்று ஆண்டுகளில் அது நடக்கவில்லை. நீளத்தை அகலத்தால் பெருக்கிப் பார்த்தால், 35 ஆம் நாள் 24 சதுர சென்டிமீட்டராக இருந்த புண் அட்டை விடுவதற்கு முன்பே 14.6 ஆகச் சுருங்கிவிட்டது. அட்டை விட்ட வாரங்களில் சுருங்கும் வேகம் கூடவில்லை. தோலின் இறுக்கம் தளர்ந்ததும், கனமும் அரிப்பும் குறைந்ததும் அட்டைக்குப் பிறகே என்று நோயாளி உறுதியாகச் சொல்கிறார். நானும் விரலால் உணர்ந்தேன். எனினும் அதே வாரங்களில் கட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. கட்டில்லாமல் மருந்து மட்டும் இந்தப் புண்ணை மூடியிருக்கும் என்று நான் நம்பவில்லை. சுத்தம் செய்யாமல் அழுகல்மேல் கட்டு மட்டும் போட்டிருந்தாலும் இவ்வளவு எளிதில் மூடியிருக்காது என்றே நினைக்கிறேன்.

வழியும் சிரையை மூடும் சிகிச்சையை முன்கூட்டியே செய்வதன் பயனையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2018 இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், 450 சிரைப் புண் நோயாளிகளில் கட்டோடு சிரை சிகிச்சையையும் உடனே பெற்றவர்களுக்குப் புண் ஆறும் இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு ஆறிவிடும் காலம்) 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். எங்கள் அறுவை மருத்துவரும் அதையே அறிவுறுத்தினார். நோயாளி அஞ்சியதால் புண் ஆறிய பின்னரே, ஏழாம் மாதத்தில், அரசு மருத்துவமனையில் செய்துகொண்டார். இன்று இத்தகையவர் வந்தால் முதல் வாரத்திலேயே டாப்ளருக்கு அனுப்புகிறேன். கஷாயம் காய்ச்சுவதும் கட்டுவதும் ஒரே நாளில் தொடங்குகின்றன.

தொடர் கவனிப்பு

ஒன்பதாம் மாதம், திருமண ஆர்டர்கள் தொடர்ந்த ஒரு வாரத்தில் புண் ஆறிய பின் அணிந்துவந்த இறுக்கக் காலுறையைக் கழற்றிவைத்துவிட்டு வேலை செய்ததால், தழும்பின் கீழ் ஓரத்தில் 5 மில்லிமீட்டர் அளவு தோல் விட்டது. பஞ்சவல்கலக் கழுவலும் கட்டும் மீண்டும் தொடங்க, மூன்று வாரத்தில் மூடியது. 14 ஆம் மாதம் பார்த்தபோது வீக்கம் இல்லை. தழும்பு வெளிறி, மெலிந்து, சுற்றிலும் பழைய கருமை இன்னும் இருந்தது. அந்தக் கருமை போகாது என்று சொல்லியிருக்கிறேன். இறுக்கக் காலுறையைக் காலையில் படுக்கையை விட்டு எழுமுன் போட்டுக்கொள்கிறார். அதன் இழுவை ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும் என்பதால், மாற்ற வேண்டிய நாளை அவர் மனைவி அடுக்களை நாட்காட்டியில் குறித்துவைத்திருக்கிறார்.